பேரிடரின் முதல் வாரத்தில் பழி சுமத்தலாமா? கத்ரீனாவை முன்வைத்து ஒரு விவாதம்

மெய்ப்பு எழுதியது:

மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கும் முதல் வாரத்திலேயே, தவறு யாருடையது என்று ஊடகங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் நிலைப்பாடு. நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். 2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் லூசியானா கடற்கரையில் கரையேறிய கத்ரீனா புயலையே எடுத்துக்கொள்கிறேன். ஊடகங்களின் பேச்சும் அரசின் செயல்பாடும் ஒன்றோடொன்று மோதிய விதத்தைப் பற்றி அந்தப் புயலுக்குப் பிறகு எழுதப்பட்ட அளவுக்கு வேறெந்தப் பேரிடருக்குப் பிறகும் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எண்பது விழுக்காடு நீரில் மூழ்கியது. வெளியேற வழியில்லாதவர்கள் சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் அடைந்து கிடந்தார்கள். அந்த ஒரு வாரம் முழுக்க, அரங்குக்குள் கொலையும் பாலியல் வன்முறையும் கட்டுமீறி நடப்பதாக உலகமெங்கும் செய்தி பரவியது. கடைசியில் உடல்களை எடுத்துச் செல்ல வந்த மருத்துவர், இருநூறு பிணங்கள் இருப்பதாகத் தனக்குத் தகவல் வந்திருக்கிறது என்று சொல்லி, பதினெட்டுச் சக்கரக் குளிர்பதன லாரி ஒன்றையும் பிணங்களைக் கையாள மூன்று மருத்துவர்களையும் அழைத்து வந்தார். இருந்தவை ஆறு உடல்கள். அவற்றில் நான்கு இயற்கை மரணங்கள், ஒன்று போதைப்பொருள் மிகையால் நேர்ந்தது, மற்றொன்று தற்கொலை. அரங்குக்குள் கொலை செய்யப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை.

அந்த லாரியை நினைத்துப் பாருங்கள். கூரைமேல் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்த ஊரில், இல்லாத பிணங்களுக்காக ஒரு வண்டியும் சில மருத்துவர்களும் ஒதுக்கப்பட்டார்கள். சரிபார்க்காத செய்திக்கு ஊர் கொடுத்த விலை அது. பழியும் இதே அவசரத்தில்தான் பிறக்கிறது என்பதால், தண்ணீர் வடியும் வரை பொறுத்திருக்கலாம் என்கிறேன்.

யாழ்மொழி எழுதியது:

மெய்ப்பு ஐயா, நீங்கள் சொன்ன லாரி நிகழ்வை நானும் படித்திருக்கிறேன், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வதந்தியையும் பழியையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள் என்பது என் மறுப்பு. "அரங்கில் இருநூறு பிணங்கள்" என்பது சரிபார்க்கப்படாத தகவல். "மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் உணவும் நீரும் இல்லாமல் கிடக்கிறார்கள், ஏன் இன்னும் ஒருவரும் வரவில்லை?" என்பது கண்ணால் கண்டதிலிருந்து எழுந்த கேள்வி. அந்தக் கேள்விக்குள்தான் பழியும் இருந்தது, இருந்தாக வேண்டியதும் அதுதான்.

செப்டம்பர் 1 அன்று நடந்ததைப் பாருங்கள். மாநாட்டு மையத்தின் வாசலில் செய்தியாளர்கள் நின்று, சக்கர நாற்காலியில் இறந்துபோன ஒருவரின் உடல் போர்வையால் மூடப்பட்டு ஓரமாக வைக்கப்பட்டிருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் வானொலிப் பேட்டி ஒன்றில், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மைக்கேல் செர்டாஃப், அங்கே அப்படி ஆயிரக்கணக்கானோர் இருப்பதாகத் தனக்குத் தகவல் வரவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். கூட்டாட்சிப் பேரிடர் முகமையான ஃபெமாவின் இயக்குநர் மைக்கேல் பிரவுனும், மாநாட்டு மையத்தைப் பற்றி அன்றுதான் தெரியவந்தது என்றார். நீங்களெல்லாம் தொலைக்காட்சி பார்ப்பதில்லையா என்று தொலைக்காட்சிச் செய்தியாளர் டெட் கோப்பல் அவரை நேருக்கு நேர் கேட்டார்.

அந்தக் கேள்வியைத் தண்ணீர் வடிந்த பிறகு கேட்டிருந்தால் யாருக்கு என்ன பயன்? அரசின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு கட்டடத்தை அரசின் கண்முன் கொண்டு வந்து நிறுத்தியதே அந்தக் கோபம்தான். பொறுத்திருக்கச் சொல்பவர்கள், அந்த நாற்காலிக்கு அருகில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா என்று ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் பன்னிரண்டு ஆண்டுகள் அவசர அழைப்பு மையத்தில் இரவு முறையில் வேலை பார்த்தவன். ஆகவே மெய்ப்பு அவர்களின் பக்கம் நின்று, ஆனால் அவர் சொல்லாத ஒரு காரணத்தைச் சொல்கிறேன். மீட்புப் பணியில் இருப்பவர்களும் அதே செய்தியைத்தான் கேட்கிறார்கள். வெள்ளத்தில் தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்து, கட்டுப்பாட்டு அறைக்கும் களத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும்போது, தொலைக்காட்சியில் ஓடும் வரியே கட்டளை அறையின் வரைபடமாகிவிடுகிறது. இதை என் பணிக்காலத்தில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். பாலம் ஒன்று உடைந்துவிட்டது என்று திரையில் வந்த ஒரு வரியை நம்பி மூன்று ஆம்புலன்ஸ்களைச் சுற்றுவழியில் அனுப்பினோம். பாலம் உடையவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் இது எத்தனையோ மடங்கு பெரிய அளவில் நடந்தது. ஆகஸ்ட் 31 அன்று மேயர் ரே நாகின், மீட்பு வேலையில் இருந்த ஆயிரத்து ஐந்நூறு காவலர்களைத் திருப்பிக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார். ஹெலிகாப்டரை நோக்கித் துப்பாக்கிச் சூடு என்ற தகவலால் சூப்பர்டோமிலிருந்து நோயாளிகளை வெளியேற்றுவது இடையில் நின்றது. ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ, ஈராக்கிலிருந்து திரும்பிய படையினர் வந்து இறங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குச் சுடவும் கொல்லவும் தெரியும், தேவைப்பட்டால் செய்வார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். கூரைமேல் இருந்தவன் மீட்கப்பட வேண்டிய குடிமகன் என்ற நிலையிலிருந்து அடக்கப்பட வேண்டிய ஆள் என்ற நிலைக்கு மூன்றே நாளில் மாற்றப்பட்டான்.

இத்தனைக்கும் நடுவில் கடலோரக் காவல் படை முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை மீட்டது. லூசியானாவின் வனவிலங்கு, மீன்வளத் துறையினர் படகுகளோடு வீடு வீடாகப் போனார்கள். அந்த வாரத்தின் பேச்சில் இவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. தோல்வியைப் பற்றி மட்டுமே பேசினால், எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு மேலும் ஆள் அனுப்ப ஒருவருக்கும் தோன்றாது.

யாழ்மொழி எழுதியது:

இரவுப்பணி அண்ணா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு நிகழ்வும் உண்மை. ஆனால் அந்த வதந்திகள் எங்கே பிறந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அரங்கில் குழந்தைகள் மீது பாலியல் வன்முறை நடக்கிறது என்று தொலைக்காட்சியில் அழுதபடி சொன்னவர் நகரக் காவல் துறைத் தலைவர் எடி காம்பஸ். அங்கே கொலையும் வன்முறையும் நடப்பதாக அதே நிகழ்ச்சியில் சொன்னவர் மேயர். ஊடகங்கள் அதைச் சரிபார்க்காமல் பரப்பியது பெரிய குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றம் அரசை அதிகமாகக் கேள்வி கேட்டதால் வரவில்லை. அரசின் வாயிலிருந்து வந்ததைக் கேள்வி கேட்காமல் எழுதியதால் வந்தது. அதற்கு மருந்து கூடுதல் மரியாதை என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 30 அன்று வெளியான இரண்டு படங்களையும் நினைவுபடுத்துகிறேன். இரண்டிலும் மார்பளவுத் தண்ணீரில் உணவுப் பொருளோடு மனிதர்கள் நடந்து வருகிறார்கள். கறுப்பின இளைஞர் இருந்த படத்தின் கீழே, கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருகிறார் என்று ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. வெள்ளையர் இருவர் இருந்த படத்தின் கீழே, கடையிலிருந்து ரொட்டியும் குளிர்பானமும் கண்டெடுத்து வருகிறார்கள் என்று வேறொரு நிறுவனம் எழுதியது. முதல் படத்தை எடுத்தவர் அந்த இளைஞர் கடைக்குள் போனதைத் தான் பார்த்ததாகவும், இரண்டாவது படத்தை எடுத்தவர் பொருள்கள் தண்ணீரில் மிதந்து வந்ததாகவும் பின்னர் விளக்கினார்கள். அந்த விளக்கங்கள் நேர்மையானவை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் இரண்டு தலைப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது நாடு எதைப் படித்தது என்பதை அந்த விளக்கங்களால் மாற்ற முடியவில்லை. பழி சுமத்தாத செய்தி என்று ஒன்று இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒற்றை வினைச்சொல்லுக்குள் பழி ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

களிமண் எழுதியது:

இரண்டு தரப்பையும் படித்தேன். நான் மண் இயக்கவியல் படித்த பொறியாளன். இந்த இழையில் இதுவரை சொல்லப்பட்ட பெயர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன்: மேயர், ஆளுநர், துறைச் செயலர், முகமை இயக்குநர், காவல் தலைவர். ஆனால் நகரத்தை மூழ்கடித்தது இவர்களில் யாருமில்லை. அந்த வாரத்துப் பேச்சில் என்னை மிகவும் உறுத்துவதும் இதுதான். கேமராவுக்கு முன்னால் நிற்கக்கூடிய முகங்கள் மீது பழி போயிற்று, பேட்டி கொடுக்க முடியாத ஒரு சுவர் தப்பித்துக்கொண்டது.

பதினேழாம் தெருக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் மழைநீரைப் பாஞ்சார்ட்ரேன் ஏரிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய் அது. இரு பக்கமும் மண் கரை, அந்தக் கரையின் நடுவில் செங்குத்தாக அடித்து இறக்கிய இரும்புத் தகடுகள், அவற்றின் தலையில் கான்கிரீட் சுவர். புயல் ஏரியின் நீரைக் கால்வாய்க்குள் தள்ளியபோது, நீரின் அழுத்தத்தில் சுவர் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. சாய்ந்ததும், நீர் இருந்த பக்கத்தில் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு பிளவு திறந்தது. அந்தப் பிளவுக்குள் நீர் இறங்கி, தகட்டை அடி வரை அழுத்தத் தொடங்கியது. அந்தக் கணத்தில் கரை இரண்டு துண்டாகிவிட்டது என்று பொருள். வெளிப்பக்கத்து அரைக் கரை மட்டும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அதன் கீழே இருந்ததோ மென்மையான களிமண். கரையின் அந்தப் பாதி, மேலே சுவரோடும் புல்லோடும், வீடுகள் இருந்த பக்கமாக அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. சுமார் 450 அடி அகலத்துக்கு வாய் திறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, நீர் சுவரின் தலையைத் தாண்டவே இல்லை என்பதுதான். தாங்கும் என்று கணக்குப் போட்ட அளவுக்குக் கீழே நீர் இருந்தபோதே சுவர் போய்விட்டது. லண்டன் அவென்யூ கால்வாயிலும் நீர் தலைதட்டுவதற்கு முன்பே சுவர்கள் விழுந்தன. இவற்றை வடிவமைத்தது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்வது இது: 1980-களில் செய்த ஒரு சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டதால், 31 முதல் 46 அடி வரை இறக்க வேண்டிய தகடுகளை 17 அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் சுமார் 10 கோடி டாலர் மிச்சமானது.

சொல் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரையைத் தாண்டி நீர் வழிவது வேறு, கரை உடைவது வேறு. வழிந்தால் புயல் பெரியது என்று பொருள். வழியாமலே உடைந்தால் கட்டியவனின் கணக்குப் பிழை என்று பொருள். கரைகள் உடையும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்று அதிபர் புஷ் செப்டம்பர் 1 அன்று சொன்னார். 2006 மார்ச்சில் ஒரு காணொளி வெளிவந்தது. கரையேறுவதற்கு முந்தைய நாள் கூட்டத்தில், கரைகளைத் தாண்டி நீர் வழியுமோ என்ற கவலையைப் புயல் மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட் அதிபரிடம் தெரிவித்தது அதில் இருந்தது. உடைவதைப் பற்றி முன்பே எச்சரித்தார்கள் என்று செய்தி நிறுவனம் எழுதியது. பிறகு, எச்சரித்தது வழிவதைப் பற்றித்தான் என்று அந்த நிறுவனமே விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்தும் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்காமல்தான் பழியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெய்ப்பு எழுதியது:

களிமண் அவர்களுக்கு நன்றி. நான் சொல்ல வந்ததற்கு இதைவிட வலுவான சான்றை நானே கொண்டு வந்திருக்க முடியாது. முதல் வாரத்தில் பழி தவறான வீட்டுக் கதவைத் தட்டியது. செப்டம்பர் 2 அன்று அதிபர் புகழ்ந்த மைக்கேல் பிரவுன் செப்டம்பர் 12 அன்று பதவி விலகினார். அவர் முன்பு அரபுக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் வேலை பார்த்தவர் என்பது நாடு முழுக்கப் பேச்சானது. அந்தப் பதவிக்கு அவர் தகுதியானவர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அவர் விலகியதும், கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி ஊருக்கு வந்தது. பொறுமையாக விசாரித்திருந்தால் சுவருக்கு முதலில் போயிருப்போம்.

களிமண் எழுதியது:

மன்னிக்க வேண்டும், என் சான்றிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. உடைந்த கரை வழக்கில் சான்று என்பது மண். கரையை அடைக்க லாரி லாரியாகப் பாறையும் மணலும் கொட்டப்படும்போது அந்தச் சான்றும் சேர்ந்து புதைகிறது. பொறியாளர் படை தொடக்கத்தில், புயல் நீர் சுவர்களைத் தாண்டி வழிந்ததால்தான் அவை விழுந்தன என்ற விளக்கத்தையே முன்வைத்தது. நீரின் தடம் சுவரின் தலைக்குக் கீழே நிற்கிறதே என்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஐவர் வான் ஹீர்டன் செப்டம்பர் மாதத்திலேயே செய்தியாளர்களிடம் சொல்லத் தொடங்கினார். அந்த மாதம் முடிவதற்குள் அது நாளிதழில் வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தவர் வழிநடத்திய சுயேச்சைக் குழுவும் மற்றவர்களும் களத்துக்கு விரைந்ததற்குக் காரணமே, பழுதுபார்க்கும் வேலையில் சான்று அழிந்துவிடும் என்ற அச்சம்தான். பொறியாளர் படை தன் வடிவமைப்புப் பிழையை ஒப்புக்கொண்டது 2006-ல். அந்த ஒப்புதல் பொறுமையால் வந்ததன்று, விடாமல் கேட்டதால் வந்தது.

வான் ஹீர்டனுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் 2009-ல் நீட்டிக்க மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்தார், 2013-ல் அது சமரசத்தில் முடிந்தது. சரியான இடத்தில் சரியான நேரத்தில் பழி சொன்னவர் கொடுத்த விலை இது.

இன்னொன்றும் உண்டு. முதல் வாரத்தில் ஊடகங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று பேசுகிறோம். டைம்ஸ் பிக்காயூன் என்ற அந்த ஊர் நாளிதழ் 2002 ஜூனிலேயே ஐந்து பகுதிகளாக எழுதிய தொடரில், பெரும்புயல் வந்தால் நகரம் எப்படி மூழ்கும், யார் யார் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வார்கள் என்று விரிவாகச் சொல்லியிருந்தது. 2004 ஜூலையில், பாம் என்று பெயரிட்ட கற்பனைப் புயல் ஒன்றை வைத்து அரசு முகமைகளே ஒத்திகை நடத்தின. இவ்வளவும் கையில் இருந்தபோது, கேள்வி கேட்க ஒரு நாள்கூடப் பொறுக்கத் தேவையில்லை. யாரிடம் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரவுப்பணி எழுதியது:

"யாரிடம் கேட்பது" என்ற அந்த இடத்தில்தான் எனக்கும் சிக்கல். ஏனென்றால் பழியைத் தாங்களே தயாரித்துச் செய்தியாளர் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிளாங்கோ ஆகஸ்ட் 26 அன்றே மாநில அவசர நிலையை அறிவித்துவிட்டார். அது அரசாணை, தேதியோடு எழுத்தில் இருக்கிறது. ஆனால் செப்டம்பர் 4 அன்று வாஷிங்டன் போஸ்ட், அவர் இன்னும் அவசர நிலையை அறிவிக்கவில்லை என்று எழுதியது. அதற்கு ஆதாரம் பெயர் சொல்லப்படாத ஒரு மூத்த அதிகாரி, அதிபரின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். பிறகு திருத்தம் போட்டார்கள். பழியில் ஒரு பங்கைக் கூட்டாட்சி அரசிடமிருந்து மாநிலத்தின் தலைக்குத் தள்ள வேண்டியிருந்த நேரத்தில் அந்தத் தகவல் வந்தது என்பதைக் கவனியுங்கள். ஆணையின் நகலைப் பார்க்க அரை மணி நேரம் போதும். யாருக்கும் அந்த அரை மணி நேரம் இல்லை.

மேயர் மீதான பழிக்கும் இப்படி ஒரு படம் கிடைத்தது. வரிசையாக நின்ற பள்ளிப் பேருந்துகள் சன்னல் வரை மூழ்கிக் கிடந்த வான்படம். இத்தனை வண்டிகள் இருந்தும் மக்களை ஏற்றவில்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியேறச் சொல்லிக் கட்டாய ஆணை வந்தது ஆகஸ்ட் 28 காலையில், புயலுக்கு ஒரு நாளைக்கும் குறைவான நேரம் இருந்தபோது. ஓட்டுநர்களும் தங்கள் குடும்பங்களோடு ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பேருந்து இருக்கிறது என்பதைப் படம் காட்டும், ஓட்டுநர் இல்லை என்பதைக் காட்டாது. என் மையத்தில் ஐந்து வண்டிகள் சும்மா நின்ற ஓர் இரவில், வெளியிலிருந்து பார்த்த ஒருவர் நாங்கள் சோம்பேறிகள் என்று புகார் எழுதினார். அன்று இரண்டு ஓட்டுநர்கள் மட்டுமே வந்திருந்தார்கள்.

யாழ்மொழி எழுதியது:

அந்தப் புகாரைப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று புரிகிறது அண்ணா. ஆனாலும் அந்தப் புகாரை எழுதியவர் ஒரு நல்ல காரியம் செய்தார் என்றே சொல்வேன். ஐந்து வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் என்ற நிலைமை உங்கள் மேலதிகாரிகளின் காதுக்கு வேறு எந்த வழியில் போயிருக்கும்? தவறான ஆளைச் சுட்டினாலும், ஏதோ சரியில்லை என்று அவர் கண்டது சரி.

ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் இந்த இழையின் இரண்டு நூல்களும் அதில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில், காவலர்கள் மீது துப்பாக்கிச் சூடு என்று காவல் துறை வானொலியில் வந்த அழைப்பைக் கேட்டு விரைந்த காவலர்கள், ஆயுதமற்ற மக்கள் மீது சுட்டார்கள். இருவர் இறந்தார்கள், நால்வர் காயமடைந்தார்கள். வதந்தி நிறைந்த காற்றில் அது நடந்தது என்பது மெய்ப்பு ஐயா பக்கத்து வாதத்துக்கு வலு. ஆனால் பிறகு அதை மூடி மறைத்தார்கள். பல ஆண்டுகள் விடாமல் கேட்ட குடும்பங்களும் செய்தியாளர்களும் வழக்கறிஞர்களும் இல்லையென்றால், நகரத்தைக் கலவரக்காரர்களிடமிருந்து காப்பாற்றிய காவலர்கள் என்ற கதையே நிலைத்திருக்கும். 2011-ல் தண்டனை, 2013-ல் அது ரத்து, 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மறுபடியும் தண்டனை என்று அந்த வழக்கு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. "இப்போது பேச வேண்டாம்" என்று முதல் வாரத்தில் சொல்கிறவர்கள், இரண்டாவது ஆண்டில் "இன்னுமா அதைப் பேசுகிறீர்கள்" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

மெய்ப்பு எழுதியது:

ஒரு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். யாழ்மொழி அவர்களின் கடைசி வரி என்னைத் தைத்தது, ஏனெனில் அந்த இரண்டையும் என் மேசையிலிருந்து நானே சொல்லியிருக்கிறேன்.

"தண்ணீர் வடியும் வரை பொறுத்திருக்கலாம்" என்ற என் வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாநாட்டு மையத்தின் வாசலில் நின்று கேட்டவர்கள் கேட்டது சரி. ஆனால் இதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். நேரில் பார்த்ததிலிருந்து கேட்பதும், ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னதை எழுதுவதும் ஒரே தாளில் ஒரே எழுத்தளவில் அச்சாகும்போது, வாசகரால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்துக் காட்ட வேண்டியது மேசையில் உட்கார்ந்திருப்பவனின் வேலை. பெயர் சொல்லாத அதிகாரி வாயிலாக இன்னொருவர் மீது பழி வந்தால், முதல் வாரத்தில் அதை அச்சிடவே கூடாது என்பேன். பெயர் சொல்லிப் பழி சுமத்துகிறவர் தன் பெயரையும் பணயம் வைக்கிறார், மற்றவர் வைப்பதில்லை.

டைம்ஸ் பிக்காயூன் செப்டம்பர் 26 அன்று வெளியிட்ட கட்டுரையைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை. சூப்பர்டோம் வதந்திகளை ஒன்றொன்றாகச் சோதித்து, பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமே இல்லை என்று காட்டியது அந்தக் கட்டுரைதான். குளிர்பதன லாரியைப் பற்றிய தகவலும் அதில்தான் வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மாநாட்டு மையத்தின் உறைபெட்டியில் முப்பது நாற்பது உடல்கள் இருப்பதாகத் தேசியக் காவல் படைவீரர் ஒருவர் சொன்னதை நம்பித் தானே எழுதியவர். அந்த உறைபெட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்பதைப் பின்னர் தன் பெயரிலேயே வெளிப்படையாக எழுதினார். மாநாட்டு மையத்தில் கிடைத்தவை நான்கு உடல்கள். இவ்வளவு நேர்மையான திருத்தம் ஒன்றை என் இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் வெளியிட்டதில்லை. எங்கள் திருத்தங்கள் எட்டாம் பக்கத்தின் அடியில் நான்கு வரியாகப் போயின.

இரவுப்பணி எழுதியது:

மெய்ப்பு ஐயா, அந்த மாற்றத்தை நானும் ஏற்கிறேன். ஒரு சிறு சேர்க்கை மட்டும். சாவுக் கணக்கையும் அந்தப் பெயர் சொல்லாத பழியைப் போலவே நடத்துங்கள். கத்ரீனாவில் இறந்தவர்கள் 1,833 பேர் என்று பல ஆண்டுகள் எல்லோரும் எழுதினோம், நானும் பயிற்சி வகுப்புகளில் அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறேன். தேசியப் புயல் மையம் 2023-ல் திருத்திய அறிக்கையில் அது 1,392 ஆனது. ஒவ்வொரு மரணத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்துச் செய்த வேலை அது. பதினேழு ஆண்டுகள் ஆயின.

களிமண் எழுதியது:

இழை அடங்குவதற்கு முன்பு, சுவரின் கதை எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

கால்வாய்ச் சுவர்கள் விழுந்ததற்காகப் பொறியாளர் படை மீது நகரவாசிகள் தொடுத்த வழக்கை, 2008 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி ஸ்டான்வுட் டுவால் தள்ளுபடி செய்தார். படையைக் கடுமையான சொற்களால் கண்டித்துவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார். வெள்ளத் தடுப்புப் பணிகளால் நேரும் சேதத்துக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது என்று 1928-ஆம் ஆண்டின் வெள்ளத் தடுப்புச் சட்டம் சொல்வதால், தன் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிரவுன் பதினான்கு நாளில் பதவி இழந்தார். காவல் தலைவர் காம்பஸ் அந்த மாதம் முடிவதற்குள் விலகினார். தகடு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களின் பெயரைப் பொதுமக்களில் ஒருவரிடம் கேட்டால் இன்றும் சொல்ல மாட்டார்கள்.

யாழ்மொழி அவர்கள் கேட்ட கேள்விகள் அன்றே கேட்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் செய்தியாளர்களில் ஒருவராவது மாநாட்டு மையத்திலிருந்து சில மைல் தள்ளிப் படகில் போய், விழாமல் நின்றிருந்த சுவரின் மீது நீர் விட்டுச்சென்ற கறையை அளந்து பார்த்திருந்தால், முதல் வாரத்திலேயே அது முதல் பக்கத்துக்கு வந்திருக்கும். கறை சுவரின் தலைக்குக் கீழேதான் இருந்தது.